புல்வெளியின் முழுக் கணக்கு: சென்னை கோல்ஃப் கிளப் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

இந்த மடலைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊர் உங்களுக்குப் புதிதல்ல. ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் கார்களில் உங்களில் சிலர் வருகிறீர்கள். காக்களூர் தொழிற்பேட்டையிலும் தேர்வாய்கண்டிகையிலும் ஆலை நடத்துபவர்கள், அந்த ஆலைகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளின் அதிகாரிகள், அவற்றின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் ஆகியோரும் உங்களிடையே உண்டு. ஆகவே சுற்றி வளைக்காமல் நேரடியாகவே பேசுகிறேன். உங்கள் கிளப்புகளின் பாரம்பரியம் என்று நீங்கள் சொல்லிவருவதில் ஒரு பாதி இன்னும் எழுதப்படவே இல்லை. அந்தப் பாதியை எழுதத் தேவையான ஏடுகளும் பணமும் உங்களிடம்தான் இருக்கின்றன. எழுதும் கடமையும் உங்களுடையதே. ஏன் என்பதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, ஏற்க முடியாத இடங்களில் மறுப்புச் சொல்லுங்கள்.

எழுதப்பட்டிருக்கும் பாதி பெருமைக்குரியதுதான். கல்கத்தாவில் 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகில் தோன்றிய முதல் கோல்ஃப் கிளப். பெங்களூரில் 1876-இல் ஒன்று வந்தது. கொடைக்கானலில் 1895-இல். சென்னையில் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873-இலும், ஜிம்கானா கிளப் 1884-இலும் பிறந்தன; இரண்டுமே பின்னர் தமக்கென கோல்ஃப் திடல்களை அமைத்துக்கொண்டன. அமெரிக்காவின் பெரும்பாலான கிளப்புகளைவிட இவை மூத்தவை. இந்த ஆண்டுகளை நீங்கள் கல்லில் பொறிப்பதிலும், முன்னாள் தலைவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வைப்பதிலும், கோப்பை வென்றவர்களின் படங்களைச் சுவரில் மாட்டுவதிலும் தவறு ஏதும் இல்லை. கோல்ஃப் பணக்காரர்களின் விளையாட்டு என்று வசைபாடி முடிக்கும் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றைக் கணித்து, புல்லின் சாய்வை அறிந்து, தன் கையை மட்டும் நம்பி ஆடும் ஆட்டம் அது. அதன் நுட்பத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. என் முறையீடு வேறு. யார் ஆடினார்கள் என்பது பதிவாகியிருக்கும் அளவுக்கு, ஆடிய நிலம் யாருடையது, எந்த நிபந்தனையில் வந்தது, அதற்கு முன் அங்கே யார் புழங்கினார்கள், அதைப் புல்வெளியாக வைத்திருந்தது யாருடைய உழைப்பு என்பவை பதிவாகவில்லை. பாரம்பரியம் என்ற பெயரில் ஊரின் மதிப்பைக் கேட்பவர்கள் ஊருக்கு முழுக் கணக்கையும் காட்ட வேண்டும்.

முதலில் நிலத்தை எடுத்துக்கொள்வோம். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் பரப்பு 160.86 ஏக்கர். அது அரசு நிலம். 1945-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோது ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. அந்தப் பந்தய ஓடுபாதையின் வளையத்துக்குள்தான் ஜிம்கானாவின் பதினெட்டுக் குழித் திடல் இருந்தது. 1970 முதலான வாடகை உயர்வை அரசு கேட்க, கிளப் மறுக்க, வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 730.86 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டும்படி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையையே ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. பிறகு அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் அறிவிப்பு வந்தது. வேளச்சேரியிலும் கிண்டியிலும் தேங்கும் மழைநீருக்காக மாநகராட்சி அங்கே குளங்களை வெட்டியது. 2024-இலேயே உதகையின் குதிரைப் பந்தய மைதானத்தையும் குத்தகைப் பாக்கிக்காக வருவாய்த் துறை கையகப்படுத்தியது. இந்த வழக்குகளில் சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது இவ்வளவுதான்: எண்பது ஆண்டுகளாக ஊரின் பொதுச்சொத்தைப் பெயரளவு வாடகைக்கு அனுபவித்த ஒரு வரலாறு இருக்கிறதே, அது உங்கள் பாரம்பரியத்தின் பகுதியா, இல்லையா? பகுதி என்றால், அந்த 614 ரூபாய் உங்கள் நினைவு மலரின் முதல் அத்தியாயத்தில் இருக்க வேண்டும். பொதுமக்கள் அதை நீதிமன்றச் செய்தியில்தான் படிக்க நேர்ந்தது என்பது உங்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தியல்ல.

இதற்கு நீங்கள் சொல்லும் மறுமொழியை நான் அறிவேன். அது வலுவான மறுமொழியும்கூட. நாங்கள் மட்டும் இல்லையென்றால் அந்த இடம் எப்போதோ அடுக்குமாடிகளாகியிருக்கும். நகரின் நடுவே அத்தனை ஏக்கர் மண்ணைத் திறந்து வைத்தோம், மரங்களை வெட்டவில்லை, பறவைகளுக்கு இடம் கொடுத்தோம், பெய்த மழையை நிலத்துக்குள் விட்டோம் என்கிறீர்கள். இதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிப்போன கதையைத் தெரிந்த யாரும், சென்னைக்குள் கான்கிரீட் ஏறாத நிலத்தின் அருமையை மறுக்க மாட்டார்கள். இன்றைக்கு அங்கே குளம் வெட்ட இடம் இருப்பதற்கே அந்த நிலம் திறந்து கிடந்ததுதான் காரணம். ஆனால் இதே வாதத்தை, சொல்லுக்குச் சொல் இதே வாதத்தை, சென்னைக்கு வடக்கே வேறு சிலர் சொன்னார்கள். மாடு மேய்த்தவர்கள் அவர்கள். அவர்கள் சொன்னபோது அது எடுபடவில்லை.

தேர்வாய்கண்டிகையைத்தான் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கிராமம். ஆதிதிராவிடர் பெரும்பான்மையாக வாழும் ஊர். அந்த ஊரைச் சுற்றியிருந்த மேய்க்கால் நிலத்தில் மக்கள் ஆடு மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், மூலிகை பறித்தார்கள். வெட்டாமல் காத்து அதைக் காடாகவே வளர்த்து வைத்திருந்தார்கள். அங்கே பெய்யும் மழைதான் வழிந்து ஏரிகளுக்கு வந்தது. 2000-களின் பிற்பகுதியில் சுமார் 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டது. மக்கள் மறித்தார்கள், மனுக் கொடுத்தார்கள், கைதானார்கள். பூங்காவுக்குள் முதலில் வந்த பெரிய ஆலை பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலினுடையது என்பதால், 2012-இல், பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகார்களைக் கேட்கும் பிரான்சு நாட்டின் ஓ.இ.சி.டி. தொடர்பு மையம் வரை புகார் போனது. ஆலை எழுந்தது, வேலை வாய்ப்பும் வந்தது, அதையும் நான் மறைக்கவில்லை. பின்னர் சென்னையின் குடிநீருக்காகக் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பரில் திறந்தார்கள். நகரத்துக்காக அந்த வட்டாரம் இரண்டு முறை நிலம் கொடுத்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். சர்வே எண், பரப்பு, தீர்வை என்று கட்டம் கட்டமாக ஓடும் வரிசையில், மேய்க்கால் நிலத்துக்குத் தீர்வை இருக்காது, பட்டாதாரர் பெயர் இருக்காது, குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு ஓட்டிப்போனவர்களின் பெயரை எழுத அந்த ஏட்டில் கட்டமே கிடையாது. உங்களிடம் மினிட்ஸ் புத்தகம் இருந்தது, உறுப்பினர் பதிவேடு இருந்தது, குத்தகைப் பத்திரம் இருந்தது. ஆகவே உங்கள் நூறாண்டு பாரம்பரியம் ஆயிற்று. அவர்களுடைய நூறாண்டு, அரசுக் கோப்பில் பயன்பாடற்ற நிலம் ஆயிற்று. மண்ணைத் திறந்து வைத்துக் காத்த தகுதியில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இருந்த வேறுபாடு ஏட்டில்தான். அதனால்தான் ஏட்டைப் பற்றி உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திப் பேசுகிறேன்.

கோல்ஃபுக்கும் மேய்ச்சலுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், உங்கள் ஆட்டத்தின் தாயகத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடல் எந்தத் தனியார் கிளப்புக்கும் சொந்தமானதன்று. அந்த ஊரின் கடலோரப் பொதுநிலம் அது. 1552-இல் பேராயர் ஹாமில்டன் அளித்த சாசனத்தில், அந்த மணல்மேட்டில் கோல்ஃப் ஆடும் உரிமையோடு கால்நடை மேய்க்கும் உரிமையும் ஊராருக்கு உறுதியாயிற்று. 2004 வரை கோல்ஃப் விதிகளுக்கே அதிகாரமாக இருந்த ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் 1754-இல் தோன்றி அந்தத் திடலின் ஓரத்தில்தான் கட்டடம் வைத்திருக்கிறது. திடலுக்கு அது உரிமையாளர் அல்ல. பொது அறக்கட்டளை ஒன்று திடலைப் பராமரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் உலவுகிறார்கள். உலகின் மிகப் பழைய கோல்ஃப் திடல்களில் ஒன்றான அதற்கு இதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. இங்கே நம் நீலகிரியில் கதை தலைகீழ். உதகை ஜிம்கானாவின் கோல்ஃப் திடல் இருக்கும் வென்லாக் டவுன்ஸ், 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தப் புல்மேடுகளில் அவருக்கு வெகு காலம் முன்பிருந்தே எருமை மேய்த்த தோடர்களின் பெயர் அதற்கு வாய்க்கவில்லை. நிலம் ஆளுநர் பெயரில், ஆண்டு கிளப் பெயரில். மேய்த்தவர்கள் அடிக்குறிப்பில்கூட இல்லை. பிறந்த இடத்தில் மேய்ப்பவரோடு நிலத்தைப் பகிர்ந்துகொண்ட ஆட்டம், இங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பகிர்வை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

அடுத்தது உழைப்பு. கிரீன் என்று நீங்கள் அழைக்கும் அந்தச் சிறு புல்தரையை நினைத்துப் பாருங்கள். புல் சில மில்லிமீட்டர் உயரம்தான் நிற்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன், இருட்டு பிரியும்போதே, தோட்டக்காரர் நீண்ட கழியை வீசிப் புல்மேல் நிற்கும் பனித்துளியை உதிர்க்கிறார். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், பந்து திக்கும். பிறகு குழியின் இடத்தை மாற்றுகிறார். நாலேகால் அங்குல விட்டத்தில் மண்ணை உருளையாக வெட்டி எடுத்து, அதே உருளையை நேற்றைய குழியில் பொருத்தி, தையல் தெரியாதபடி காலால் அமுக்கி நீர் தெளிக்கிறார். சென்னை வெயிலில் அந்த விளிம்பு காயாமல் பிழைப்பது அவருடைய கைத்திறன். இந்தியாவின் பல திடல்களில் புல் நிலைக்காத காலத்தில் மணலில் எண்ணெய் கலந்து, மட்டமாக இழுத்துப் பரப்பி, அதன்மேல் ஆடினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் காலடித் தடத்தை அழித்துச் சமன்செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதன்பின் உங்கள் மட்டைப்பையைச் சுமந்து நடப்பவர். பந்து எங்கே விழுந்தது என்பதை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி அவர்தான் பார்க்கிறார். எந்த மட்டை, எவ்வளவு சாய்வு, காற்று எந்தப் பக்கம் என்று உங்களுக்குச் சொல்வதும் பல நேரம் அவர்தான். பெரும்பாலும் அவர் கிளப்பின் ஊழியர் அல்லர். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆடுபவரிடம் கூலி வாங்குபவர். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, வருங்கால வைப்பு நிதி எண் இல்லை. திடலுக்குச் சீல் விழுந்தால் உறுப்பினருக்கு வேறு திடல் கிடைக்கலாம். அவருக்கு அன்றைய கூலி நிற்கிறது, அவர் அங்கே இருந்தார் என்பதற்கான தடமும் இல்லாமல் போகிறது.

இந்த உழைப்பாளர்களை வெறும் உதவியாளர்களாக எண்ணிவிட முடியாது என்பதற்கு இந்திய கோல்ஃபின் வரலாறே போதும். இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், ஆண்டு 1991. டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்து ஆட்டம் கற்றவர் அவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். 2016-இலும் 2017-இலும் அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா திடலின் தோட்டப் பராமரிப்பாளருடைய மகன். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு கொண்ட அந்தக் கிளப்பின் பெயர் அண்மைக் காலத்தில் உலக கோல்ஃப் செய்திகளில் வந்ததற்கு ஒரு காரணம் அந்தப் பணியாளர் குடும்பம். இதைவிடப் பெரிய பாரம்பரியத்தை எந்தக் கிளப் காட்ட முடியும்? உங்கள் கிளப்புகளிலும் பை சுமப்பவர்களுக்கென ஆண்டுக்கு ஒரு போட்டி வைக்கிறீர்கள் என்றால், அதன் வெற்றியாளர் பெயர்கள் எந்தப் பலகையில் இருக்கின்றன?

நாங்கள் தனியார் அமைப்பு, எங்கள் ஏடுகள் எங்கள் சொந்த விஷயம் என்பீர்கள். உறுப்பினர்களின் சொந்த வாழ்க்கை, சாப்பாட்டுக் கணக்கு, உட்பூசல் எதையும் யாரும் கேட்கவில்லை. அரசு நிலம், ராணுவ நிலம், வன நிலம் என்று பொதுச்சொத்தின் மேல் நின்ற ஒரு நிறுவனத்தின் நிலப் பத்திரங்கள் தனிப்பட்டவை ஆகா. வழக்கு நடக்கும் நேரத்தில் பேசக் கூடாது என்று வழக்கறிஞர் சொல்வார். வழக்கில் தாக்கலான ஆவணங்கள் ஏற்கெனவே நீதிமன்றப் பதிவில் இருப்பவை; 1945-க்கு முந்தைய வரைபடங்களும் தோட்டக்காரர்களின் நினைவுகளும் எந்த வழக்கையும் சாய்க்கப் போவதில்லை. பழைய சங்கடங்களைக் கிளற வேண்டுமா என்பது இன்னொரு தயக்கம். சென்னையின் ஆக மூத்த கிளப்பான மெட்ராஸ் கிளப் 1832-இல் தொடங்கி, நாடு விடுதலை பெற்ற பிறகும் சில காலம் இந்தியரைச் சேர்க்காமல் இருந்தது. அது இன்று எல்லோரும் வெளிப்படையாகப் பேசும் வரலாறு, அதனால் கிளப் இடிந்து விழவில்லை. ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க 2014 வரை எடுத்துக்கொண்டது, அதையும் மறைக்கவில்லை. சங்கடமான பக்கத்தை நீங்களே எழுதினால் அதில் உங்கள் விளக்கத்துக்கும் இடம் இருக்கும். நீங்கள் விட்டுவிட்டால் அதை உங்கள்மேல் கோபம் கொண்ட ஒருவர்தான் எழுதுவார். கடைசியாக, பெயரே பதிவாகாத தொழிலாளர்களை இப்போது எங்கே போய்த் தேடுவது என்பீர்கள். சைதாப்பேட்டையிலும் கிண்டியிலும் வேளச்சேரியிலும் தேடுங்கள். முதியவர்கள் இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்துத் தேடினால் பேரப்பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். இதில் காலம் தாழ்த்தும் உரிமை உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை. உங்கள் கிளப்பின் குத்தகைப் பத்திரங்கள், நில வரைபடங்கள், திடல் அமைத்த காலத்துக் கடிதப் போக்குவரத்து, பழைய மினிட்ஸ் புத்தகங்கள் ஆகியவற்றை மின்படியாக்கி, ஒரு படியை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ வையுங்கள். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் உங்கள் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் அவற்றைப் பார்க்க முடிய வேண்டும். அதோடு, திடலில் வேலை செய்த தோட்டக்காரர்கள், பை சுமந்தவர்கள், பந்து பொறுக்கியவர்கள், சமையற்காரர்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் பேசும் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். அந்த வேலையைக் கல்லூரி வரலாற்றுத் துறை ஒன்றிடம் ஒப்படையுங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைப் போட்டிக்கு ஆகும் செலவு இதற்குத் தாராளமாகப் போதும். அடுத்து நீங்கள் வெளியிடும் எந்த நினைவு மலரும் இவை இல்லாமல் அச்சுக்குப் போக வேண்டாம்.

உங்களில் இப்பகுதியில் ஆலை நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஆலையின் வரவேற்பறையில் அடிக்கல் நாட்டிய நாளின் படம் இருக்கும். அதன் பக்கத்தில், அந்த மனை ஆலையாவதற்கு முன் 'அ' பதிவேட்டில் என்னவாக இருந்தது, எந்த ஊராரின் மேய்க்கால், எந்த ஏரிக்கு நீர் போன வழி என்பதை எழுதி மாட்டுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிக்கு வந்து உங்கள் உலைகளின் முன் நிற்பவர்களின் பெயர்களை, ஒப்பந்தக்காரரின் நோட்டுப் புத்தகத்தோடு போகவிடாமல், ஆலையின் சொந்தப் பதிவேட்டில் நிலையாக ஏற்றி வையுங்கள். கிளப்பில் ஒரு விதமும் ஆலையில் ஒரு விதமுமாக வரலாற்றைக் காக்க முடியாது.

உங்கள் ஆண்டுப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர உறுப்பினர்களுக்கு வழி இருக்கும். மேலே சொன்ன கோரிக்கையை அப்படியே தீர்மானமாக எழுதி, இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு விடுங்கள். நிறைவேறினாலும் தோற்றாலும் அந்த முடிவையும் மினிட்ஸ் புத்தகத்தில் பதியுங்கள்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி வட்டத்திலிருந்து உங்கள் பதிலை எதிர்பார்க்கும் ஒருவர்